ஒற்றைக் கண் மோட்டார்

செண்பகத்தோப்பில் மற்ற ஊர்களைக் காட்டிலும் பொழுது சற்று முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. காரணம் அதிசயமானதல்ல. மேற்கே நெடுஞ்சுவர் போல் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. சூரியன் அடிவானத்தை அடைவதற்கு வெகு நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உச்சியில் இன்னும் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருக்கும் வேளையில், அடிவாரத்து மாந்தோப்புகளில் இருள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. காலையில் குழந்தை குட்டிகளோடு, புளியோதரைப் பாத்திரத்தோடு, காட்டழகர் கோயிலையும் ஓடைத் தண்ணீரையும் உத்தேசித்துப் புறப்பட்டு வந்தவர்கள், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடுகிறது. வனத்துறையினர் மாலைக்குப் பிறகு எவரையும் உள்ளே தங்க விடுவதில்லை. ஆகவே எல்லா மோட்டார் வண்டிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திரும்புகின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் விளக்கைப் போடுகின்றன.

அப்போதுதான் தெரிகிறது, எத்தனை வண்டிகளுக்கு ஒற்றைக் கண் என்று!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு மாலைப் பொழுதில் அந்தச் சாலையோரத்தில் நின்று எதிரே வரும் விளக்குகளை எண்ணிப் பார்ப்பவர்கள் இதைத் தாங்களே காண்பார்கள். சில வண்டிகளில் இடக்கண் இல்லை. சிலவற்றில் வலக்கண் இல்லை. சிலவற்றில் இரண்டும் உண்டு, ஆனால் ஒன்று தரையையும் மற்றொன்று தென்னை மரத்தின் உச்சியையும் பார்க்கிறது. பட்டணத்துத் தெருக்களில் மின்சார விளக்கின் தயவால் இந்தக் குறை மறைந்துகிடக்கிறது. பல மாதம் வண்டிக்காரருக்கே தெரியாது. செண்பகத்தோப்புச் சாலையில் தெருவிளக்கு என்னும் தயவு இல்லாத இடங்கள் உண்டு. அங்கே வந்ததும் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது.

இது எவ்வளவு அபாயமான விஷயம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. சாலையில் ஒரு மனிதர் நடந்து போவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குச் சுமார் ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிறகு காய்ந்த தார்ச் சாலையில் வண்டி நிற்பதற்கு மேலும் 20 முதல் 25 மீட்டர் வேண்டும். மொத்தம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். "டிம்" என்று நாம் எல்லோரும் சொல்லும் தாழ்ந்த விளக்கின் பயனுள்ள வெளிச்சம் நல்ல நிலையில் இருந்தாலே ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர்தான். அதாவது இரண்டு விளக்கும் சரியாக எரியும்போதே நமக்கு மிச்சமிருக்கும் இடைவெளி மிகச் சொற்பம். அதில் பாதியைக் கழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் சதுரகிரிக்கும் இருக்கன்குடிக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாள் சந்நிதிக்கும் இந்தச் சீமை முழுவதும் ஜனங்கள் நடந்து போகிறார்கள். அவர்கள் கையில் விளக்கு இருப்பதில்லை. நம் வண்டியின் விளக்குத்தான் அவர்களுக்கும் விளக்கு.

வலப்புறத்து விளக்கு அணைந்துபோவது இன்னும் மோசம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகப் போகின்றன. ஆதலால் எதிரே வருகிறவருக்கு அருகில் இருப்பது நம்முடைய வலது விளக்கு. அது எரியாமல் இடது விளக்கு மட்டும் எரிந்தால், "யாரோ மோட்டார் சைக்கிளில் ஓரமாக வருகிறார்" என்று அவர் நினைத்துக்கொண்டு நடுச் சாலைக்கு வந்துவிடுகிறார். மோட்டார் சைக்கிள் என்று நினைத்தது நான்கு சக்கர வண்டி என்று தெரியும் கணத்தில் திருப்புவதற்கு அவகாசம் இருப்பதில்லை.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

1910-களில் மதுரைச் சீமையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில், உலகத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் எரிந்தது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைட் கட்டியின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அதிலிருந்து எழும் அசெட்டிலின் வாயுவை நெருப்புக் குச்சியால் ஏற்றவேண்டும். வாடை சகிக்காது. மழைக்கும் காற்றுக்கும் நடுவில் அதை ஏற்றுவது ஒரு தவம். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டரும் மின்சார விளக்கும் சேர்ந்து வந்தன. மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். 1962-ல் ஐரோப்பாவில் ஹாலொஜன் பல்பு வந்தது. 1971-ல் டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகளை வைத்த "எச்-4" என்னும் ஜாதி வந்தது. அது இன்றைக்கும் நம் சாலைகளில் ஓடும் எண்ணற்ற வண்டிகளின் முகத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. 1950-களின் இறுதியில் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் வண்டியின் ஏழு அங்குல வட்ட விளக்கை நினைவுள்ளவர்கள், அதன் கண்ணாடி எத்தனை வெயில் பட்டாலும் மஞ்சளாகாமல் இருந்ததையும் நினைவு கூர்வார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம்.

இந்த எச்-4 பல்பின் சூட்சுமத்தை ஒரு முறை தெரிந்துகொண்டால் பழுது பார்ப்பது பாதி முடிந்த மாதிரி. உள்ளே இரண்டு டங்ஸ்டன் இழைகள். ஒன்று பிரைட்டுக்கு, 60 வாட். மற்றொன்று டிம்முக்கு, 55 வாட். டிம் இழைக்குக் கீழே சிறு கரண்டி போல ஒரு உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடுவதால், பிரதிபலிக்கும் கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டுமே ஒளி பட்டு, சாலையை நோக்கிக் கீழே வருகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதில்லை. பல்பின் பின்புறத்தில் மூன்று நாக்குகள்: ஒன்று டிம், ஒன்று பிரைட், ஒன்று "எர்த்" என்று சொல்லும் பொதுவழி. சில வண்டிகளில் டிம்முக்கு ஒரு பல்பும் பிரைட்டுக்கு ஒரு பல்புமாகத் தனித்தனியே இருக்கும். எதுவாயினும் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் பல்பின் ஜாதி அச்சிட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

எங்கே கோளாறு?

சென்ற தை மாதத்தில் நாம் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு செண்பகத்தோப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஊர் எல்லையில் ஒரு தேநீர்க் கடை. வண்டி நின்றதும் கடைக்காரர் கையில் சல்லடையோடு எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஒத்தக் கண்ணோட வாரீக?" என்றார். நண்பர் இறங்கிப் பார்த்தார். வலது விளக்கில் டிம் எரியவில்லை. அவருடைய முதல் யோசனை, பட்டறையைத் தேடி ராஜபாளையம் போவதா, ஸ்ரீவில்லிபுத்தூர் போவதா என்பது. அவருடைய பெண், கல்லூரியில் பௌதிகம் படிப்பவள், "அப்பா, கொஞ்சம் பொறுங்க. பிரைட் எரியுதான்னு முதல்ல பாருங்க" என்றாள்.

பிரைட் எரிந்தது. அந்த ஒரு பரீட்சையிலேயே பல சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன. பல்புக்கு எர்த் வருகிறது. விளக்குக் கூட்டுக்கு மின்சாரம் வருகிறது. இடது டிம் எரிவதால் ஸ்விட்சும் ரிலேயும் நல்லவை. மிச்சமிருப்பவை மூன்றுதான்: வலது டிம்மின் இழை, அதற்கு வரும் ஒயர், அதற்கென்று தனியாக இருக்கும் பியூஸ். அவள் அடுத்தபடியாகச் செய்தது மிக எளிய காரியம். வண்டியை அணைத்து, பல்பு ஆறும்வரை காத்திருந்து, இடது பல்பை வலப்பக்கத்திலும் வலது பல்பை இடப்பக்கத்திலும் மாற்றிப் போட்டாள். கோளாறு பல்போடு கூடவே இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. ஆகவே குற்றவாளி பல்புதான், ஒயர் நிரபராதி. ஒரு பைசாச் செலவில்லை. மீட்டர் வேண்டியதில்லை. இந்த மாற்றத்தால் வேறொரு நன்மையும் உண்டாயிற்று: நல்ல பல்பு இப்போது வலப்பக்கத்தில், எதிரே வருகிறவர்கள் பார்க்கும் பக்கத்தில் இருந்தது. இடப்பக்கத்துச் சிறு விளக்கும் எரிய, வண்டியின் முழு அகலமும் தெரிந்தது. மெதுவாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து கடைத்தெருவில் புதுப் பல்பு வாங்கிப் போட்டுக்கொண்டோம். பால்கோவாவும் வாங்கினோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இழை அறுந்து தொங்கும். கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். பால் போல வெளுத்திருந்தால் எங்கோ விரிசல் வழியாகக் காற்றுப் புகுந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் இழையும் அடியில் விட்டுப்போயிருக்கக்கூடும். ஆகவே மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சரியான சாட்சி.

இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் எரியாமல் போனால் கதை வேறு. இரண்டு பல்பும் ஒரே விநாடியில் உயிர்விடுவது அபூர்வம். ஆனால், ஒன்று போய்ப் பல நாளாகிக் கவனியாமல் இருந்து, இரண்டாவதும் போன பிறகுதான் "திடீரென்று இரண்டும் அணைந்துவிட்டன" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்டியரிங் அருகேயுள்ள தண்டை இழுத்து ஒரு கண்சிமிட்டல் கொடுத்துப் பாருங்கள். அப்போது பிரைட் பளிச்சென்று எரிந்து, ஸ்விட்சைத் திருப்பினால் மட்டும் எரியாமலிருந்தால், பல்புகளின்மேல் பழி போடவேண்டாம். ஸ்விட்சிலோ ரிலேயிலோதான் கோளாறு. ஸ்விட்சைப் போடும்போது "டக்" என்று ஒரு சிறு சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். அது ரிலேயின் குரல். குரல் இல்லையென்றால், பல வண்டிகளில் ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேதான் இருக்கும். எண்ணும் நாக்குகளின் அமைப்பும் ஒன்றாயிருந்தால், அதைப் பிடுங்கி இதன் இடத்தில் குத்திப் பார்க்கலாம்.

பியூஸ் பெட்டி ஒன்று ஸ்டியரிங்குக்குக் கீழேயும் மற்றொன்று பானட்டுக்குள் பாட்டரிக்குப் பக்கத்திலும் இருப்பது வழக்கம். மூடியின் உட்புறத்தில் எந்த பியூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கும். பியூஸின் முதுகு கண்ணாடி போல் தெளிவானது. உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். போன பியூஸில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்ணுள்ள புது பியூஸைப் போடவேண்டும். 10 போட்ட இடத்தில் 20 போடுவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுவதும், வீட்டுக்குக் காவல் வைத்த நாயை அவிழ்த்துத் துரத்திவிட்டுக் கதவையும் திறந்து வைப்பது போலத்தான். புது பியூஸ் போட்ட உடனே அதுவும் போனால் மூன்றாவதைப் போடாதீர்கள். எங்கோ ஒயர் தோலுரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படித் தோலுரிப்பவர் யார்? இந்தப் பக்கத்துத் தோப்பு வீடுகளில் வண்டியை மரத்தடியில் நிறுத்துகிறவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: எலி! பானட்டுக்குள் இதமான சூடு. பஞ்சும் தேங்காய் நாரும் கொண்டுவந்து கூடு கட்டிக்கொண்டு, பல் தினவுக்கு ஒயரைக் கொறிக்கிறது. பானட்டைத் திறந்ததும் புழுக்கையோ, கொறித்த மாங்கொட்டையோ கண்ணில் பட்டால், விளக்கின் ஒயரை அதன் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்துவிடுவது உத்தமம். செண்பகத்தோப்பின் புகழ்பெற்ற பிரஜையான நரை அணிலின்மேல் சிலர் இந்தக் குற்றத்தைச் சாட்டுவதைக் கேட்டிருக்கிறோம். அது அநியாயம். அந்தப் பெரிய சாம்பல் நிற அணிலுக்காகத்தான் 1988-ல் இந்தக் காடு சரணாலயமாக்கப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகச் சேர்ந்தது. அந்த அணில் கிளைக்குக் கிளை தாவி உச்சி மரத்திலேயே வாழ்வது. தரையில் இறங்குவதே அபூர்வம். இரவில் தன் கூட்டில் தூங்குகிறது. அதற்கும் மோட்டார் ஒயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மங்கலாக எரிவது ஏன்?

எரியாத விளக்கைக் காட்டிலும் மங்கலாக எரியும் விளக்கு பொல்லாதது. எரிகிறதே என்று நாம் நம்பிவிடுகிறோம். ஹாலொஜன் பல்பின் குணம் விசித்திரமானது. அதற்குப் போய்ச்சேரும் மின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகிறது. துருப்பிடித்த எர்த் திருகு, பச்சைக் களிம்பு ஏறிய பாட்டரி முனை, சூட்டில் கருகிய பல்பு ஹோல்டர் ஆகிய ஒவ்வொன்றும் வழியில் சுங்கம் வசூலித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பல்புக்கு அனுப்புகின்றன.

எர்த் கெட்டிருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. விளக்கு எரியும்போது அதே பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டால், விளக்கும் கூடவே துடிக்கும். அல்லது எரியக்கூடாத விளக்கொன்று மங்கலாக மினுக்கும். வீடு திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த வீட்டுத் திண்ணை வழியாகப் போக முயல்வதன் விளைவு அது. இதை நிச்சயம் செய்துகொள்ள ஒரு நீளமான ஒயர் போதும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மறு முனையை விளக்கின் எர்த் ஒயரிலும் தொட்டுப் பிடியுங்கள். எந்த ஒயர் எர்த் என்பதில் மட்டும் சந்தேகம் இருக்கக்கூடாது. விளக்கு சட்டென்று பிரகாசித்தால் எர்த் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிவிடுங்கள். வேலை முடிந்தது.

மலிவான மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் மிக நல்லது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காட்டவேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் அதன் ஹோல்டரிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமிருந்தால் நடுவில் எங்கோ ஒழுக்கு. மாறாகப் பாட்டரியிலேயே 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை பல்பு போட்டாலும் நிலைக்காது. அழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். "மாதம் ஒரு பல்பு" என்று குறைப்படுகிறவர்கள் பல்புக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைச் சோதித்துக்கொள்வது நியாயம்.

ஒயரும் பல்பும் சரியாயிருந்தும் வெளிச்சம் வராவிட்டால் விளக்கின் முகத்தைப் பாருங்கள். அம்பாஸடரில் இருந்தது கண்ணாடி. இப்போதைய வண்டிகளில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கு. கல் பட்டு உடையாது. எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்க அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். விருதுநகர் ஜில்லாவின் வெயிலில் சில ஆண்டுகளில் பூச்சு தேய்ந்து, முகம் கண்புரை விழுந்த கண் போல் மஞ்சளாகிறது. பற்பசை வைத்துத் தேய்க்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேய்த்தால் பளபளக்கும், சில வாரம்தான். சரியான வழி, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 800, பிறகு 1000, பிறகு 2000 என்று படிப்படியாக மெல்லியதாக்கி, கடைசியில் பாலிஷ் போட்டு, அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூசுவது. கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் பட்ட பாடு வீண். சில மாதத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிடும்.

பல்பு மாற்றும் விதம்

விளக்கை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். எரியும் ஹாலொஜன் பல்பைத் தொட்ட விரல் கொப்பளிக்கும். பானட்டைத் திறந்து விளக்கின் பின்புறம் கையை விட்டால் முதலில் மூன்று நாக்குகளில் செருகிய பிளக்கு; அதை நேராக இழுக்கவேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. அடுத்து ரப்பர் மூடி. அதன் பின் பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கி. கொக்கியை உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். இடம் குறுகலாயிருந்தால் பாட்டரியையோ காற்று வடிகட்டியின் குழாயையோ கழற்ற நேரிடலாம். சிறிய கையுள்ளவர்களுக்கு இது சுலபம்; நம் நண்பர் வீட்டில் அந்த வேலை பெண்ணுக்கே நிரந்தரமாகிவிட்டது.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. சாதாரணக் கண்ணாடியல்ல அது. சூட்டைத் தாங்கும் படிகக் கண்ணாடி. விரலின் எண்ணெயும் உப்பும் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, வெளுத்து, வெடிக்கவும் கூடும். சுத்தமான துணியால் அல்லது காகிதத்தால் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டுப் போடுங்கள். பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் ஒரே அளவாக இல்லாமல் இருப்பது தற்செயலல்ல. ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். பலவந்தம் வேண்டாம். உட்காராத பல்பைக் கொக்கி போட்டு அமுக்கினால், டிம் வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராகப் போகும். ரப்பர் மூடியை ஓரம் முழுவதும் படியும்படி அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் விளக்குக்குள் மீன் வளர்க்கலாம்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்றாகப் பிறந்தவை அநேகமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பழைய நல்ல பல்பை உறையில் சுற்றி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். எச்-4 பல்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாமான்.

கடையில் கேட்கும்போது ஒரு சபலம் வரும். "100 வாட் இருக்கு சார், பளிச்சுன்னு இருக்கும்" என்பார்கள். வேண்டாம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் சொச்சம் இழுக்கிறது. 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல். அந்த ஒயரும் ஹோல்டரும் இதற்காகச் செய்தவையல்ல. ஹோல்டர் உருகும், சில சமயம் வண்டியும் எரியும். பழைய ஹாலொஜன் கிண்ணத்தில் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் இந்த ரகந்தான். கிண்ணத்தின் வளைவு இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறுகிறது. ஓட்டுகிறவருக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிவதால் சந்தோஷம். எதிரே சைக்கிளில் வருகிற விவசாயிக்குச் சில விநாடி உலகமே இருண்டுவிடுகிறது. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி ஒளியைக் கீழே தாழ்த்தி வைக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே சொல்லியிருக்கிறது.

வீட்டில் தொடக்கூடாத விளக்குகளும் உண்டு. ஸெனான் விளக்குகள் எரியத் தொடங்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அங்கே கை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் புதிய வண்டிகளில் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது. கெட்டுப்போனால் முழுக் கூட்டையும் மாற்றவேண்டும், விலையும் பல ஆயிரம். நல்ல வெளிச்சம், நீண்ட ஆயுள் என்பதெல்லாம் மெய்தான். ஆனால் தேநீர்க் கடை வாசலில் ஒரு பெண் கால் மணியில் பழுது பார்க்கும் வசதி அதோடு போய்விட்டது. நமக்கு இதில் கொஞ்சம் வருத்தந்தான்.

பல்பு மாற்றியபின் ஒரு வேலை பாக்கி. சமதரையில், வெள்ளையடித்த சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, சுவரில் அந்த உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, பெரும்பாலான வண்டிகளில், அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இடப்பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம், விளிம்பு சற்று மேலே ஏறியிருந்தால் அது குறையல்ல. ஓரமாக நடப்பவரைக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளிம்பு கோட்டுக்கு மேலே போனால் விளக்கின் பின்புறத் திருகைத் திருப்புளியால் திருப்பிச் சரி செய்யலாம். பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பின்னால் ஐந்து பேரும் அண்டாவும் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும்; அப்போது அந்தச் சக்கரத்தைக் கூட்டினால் வெளிச்சம் தாழும்.

செண்பகத்தோப்புச் சாலையில் பிரைட் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டு விலங்குகள் பலவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் அவை நம்மைக் காட்டிலும் நன்றாகப் பார்ப்பது அதனால்தான். அந்தக் கண்ணில் பிரைட் அடித்தால் மான் ஓடாது. நின்ற இடத்திலேயே திகைத்து நின்றுவிடும். புலிகள் காப்பகத்தை ஊடுருவிப் போகும் பந்திப்பூர்ச் சாலையில் 2009-லும், சத்தியமங்கலம் சாலையில் 2022-லும் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியதற்கு இப்படி அடிபட்டுச் செத்த விலங்குகள் ஒரு முக்கிய காரணம். இங்கே பாதை மலையடிவாரத்தோடு முடிந்துவிடுவதால் அப்படிப்பட்ட போக்குவரத்து இல்லை. எனினும் மாலை மயங்கியபின் வழியில் இரண்டு பச்சை நெருப்புத் துளிகள் மின்னக் கண்டால், உடனே டிம்முக்கு மாற்றி, ஹாரன் அடிக்காமல், வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். ஓரிரு நிமிஷத்தில் அது தோப்புக்குள் போய்விடும்.